வெள்ளம் வடிந்த வாரத்தில் தேர்ந்தெடுத்த வீடு: கடலூரில் எங்கள் முதல் வீடு பற்றிய மதிப்புரை

கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து திருவந்திபுரம் செல்லும் சாலைக்குத் தெற்கே, கேப்பர் மலையின் செம்மண் மேடு தொடங்கும் பக்கத்தில், 1,200 சதுர அடி மனையில் 850 சதுர அடிக்குக் கட்டப்பட்ட இரண்டு படுக்கையறை கொண்ட தனி வீட்டை 2025 பிப்ரவரியில் 43 லட்சம் ரூபாய்க்கு வாங்கினோம். உள்ளூர் பில்டர் ஒருவர் வரிசையாகக் கட்டிய நான்கு வீடுகளில் இது மூன்றாவது. ஒரு முழுக் கோடையும் ஒரு வடகிழக்குப் பருவமழையும் இந்த வீட்டில் கழிந்துவிட்ட நிலையில், வீட்டின் நிறைகுறைகளையும், பதினொரு வீடுகளைப் பார்த்துவிட்டு இதைத் தேர்ந்தெடுத்த காரணத்தையும், கடலூரிலோ புதுச்சேரியிலோ முதல் வீடு தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக எழுதுகிறேன். என் வேலை புதுச்சேரியில்; கணவர் கடலூரில் பள்ளி ஆசிரியர். ஆகவே தவளக்குப்பம், அரியாங்குப்பம் பக்கமும் பார்த்தோம், கடலூர் நகருக்குள்ளும் பார்த்தோம்.

தேடத் தொடங்கிய முதல் பத்து மாதங்கள் நாங்கள் வீடு பார்த்த முறை சரியில்லை என்பதை இப்போது உணர்கிறேன். ஹால் எவ்வளவு அகலம், சமையலறையில் கிரானைட் என்ன நிறம், பேருந்து நிறுத்தம் எத்தனை நிமிட நடை என்பவற்றையே கேட்டோம். எல்லா வீடுகளையும் ஞாயிற்றுக்கிழமை காலையில், வெயிலில், புது வண்ணம் பூசிய நிலையில் பார்த்தோம். அப்படிப் பார்த்தால் எந்த வீடும் நன்றாகத்தான் இருக்கும். நவம்பர் மாதத்திற்குள் மூன்று வீடுகளைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தோம். அவற்றில் ஒன்றுக்கு முன்பணம் கொடுக்கத் தேதியும் குறித்தாயிற்று.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டரைத் தாண்டிய மழை கொட்டியது. கடலூரில் மழையைவிடப் பெரிய சேதம் மழை விட்ட பிறகே வந்தது. மேலே கிருஷ்ணகிரியிலும் திருவண்ணாமலையிலும் பெய்த பெருமழையால் சாத்தனூர் அணை நிரம்பி, அங்கிருந்து திறந்துவிடப்பட்ட நீர் தென்பெண்ணையில் பெருகி, டிசம்பர் 2 அன்று ஆற்றின் கடைமடையில் இருக்கும் நாணமேடு, உச்சிமேடு, கண்டக்காடு, குண்டு உப்பலவாடி பகுதிகளுக்குள் புகுந்தது. நாங்கள் முன்பணம் கொடுக்க இருந்த வீடு அந்தப் பக்கத்தில்தான் இருந்தது.

தண்ணீர் வடிந்ததும் போய்ப் பார்த்தோம். வீட்டின் முன்கதவில் தாழ்ப்பாளுக்குச் சற்றுக் கீழே, அளவுகோல் வைத்து இழுத்ததுபோல் ஒரு பழுப்புக் கோடு இருந்தது. எதிர் வீட்டு அம்மா வாசலில் பாயையும் அரிசிச் சாக்கையும் காயவைத்துக்கொண்டிருந்தார். “இங்க எப்பவுமே இவ்ளோ தண்ணி வருமாம்மா?” என்று கேட்டேன். “மழைத் தண்ணி நின்னா ஒரு நாள்ல போயிடும் கண்ணு. ஆத்துத் தண்ணி வந்தா நாம சொல்றபடியா போகும்? பதினஞ்சுலயும் வந்துச்சு” என்றார். 2015 வெள்ளத்தைத்தான் சொன்னார். அதே வீட்டை நாங்கள் மூன்று முறை பார்த்திருந்தோம். மூன்று முறையும் அந்த அம்மா அங்கேயே இருந்தார். ஒருமுறைகூட அவரிடம் நாங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீடு வாங்குபவர் முதலில் பேச வேண்டியது விற்பவரிடம் அன்று, எதிர் வீட்டுக்காரரிடம் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

அந்த வாரமே மற்ற இரண்டையும் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தோம். ஒன்று, தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுக்குச் செல்லும் சாலையை ஒட்டிய அடுக்ககத்தில் முதல் மாடி வீடு. கடல் காற்றுக்காகவே என் கணவருக்கு அது மிகவும் பிடித்திருந்தது. கட்டி ஏழு ஆண்டுகளே ஆன கட்டடம். ஆனால் ஜன்னல் சன்ஷேடின் அடிப்பக்கம் நீளவாக்கில் வெடித்து, உள்ளே இருந்த கம்பி துருப்பிடித்துப் பொரிந்து, சிமென்ட் பூச்சை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. கடலோரக் கட்டடங்களை, கான்கிரீட் கட்டுமானத்துக்கான இந்தியத் தரநிலை 456 ‘கடுமையான’ சூழலில் உள்ளவையாக வகைப்படுத்தி, குறைந்தது எம் 30 தரக் கான்கிரீட்டும், கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மறைப்பும் வேண்டும் என்கிறது. எங்களோடு வந்த பொறியாளர் வெடிப்பில் அளவு நாடாவை வைத்துக் காட்டினார்: மறைப்பு ஒன்றரை சென்டிமீட்டர்கூட இல்லை. உப்புக்காற்று உள்ளே நுழையும் தொலைவு அவ்வளவுதான். இது ஒரு சன்ஷேடோடு நிற்கிற நோய் இல்லை என்றும், அடுத்து தூண்களில் தெரியும் என்றும் அவர் சொன்னார். கரையிலிருந்து 500 மீட்டருக்குள் வரும் கட்டடத்துக்குக் கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதி இருக்கிறதா என்று கேட்டதற்கும் விற்பவரிடம் காகிதம் இல்லை. மேலும் 900 சதுர அடி வீட்டுக்கு மனையில் பிரிக்கப்படாத பாகமாக, அதாவது எல்லா வீட்டுக்காரர்களுக்கும் பொதுவான நிலத்தில் நம் பங்காக, பத்திரத்தில் இருந்தது 290 சதுர அடி மட்டுமே. கட்டடத்துக்கு வயதாகும்போது நம் கையில் மிஞ்சப்போவது அந்த மண்தான் என்பதால் அதையும் கணக்கில் எடுத்தோம்.

மற்றொன்று தனி வீடு, நல்ல கட்டுமானம், விலையும் மூன்று லட்சம் குறைவு. அதைத் தடுத்தது வெள்ளம் இல்லை, ஒரு வரைபடம். வருவாய்த் துறையின் இணையச் சேவையில் பட்டாவோடு, நிலத்தின் எல்லைகளை அளந்து வரைந்த புலப்படத்தையும் பார்க்கலாம். சர்வே எண்ணைக் கொடுத்தால் போதும். அந்தப் புலப்படத்தில் வீட்டின் பின்பக்க எல்லையை ஒட்டி வாய்க்கால் ஒன்று இரட்டைக் கோடாக ஓடியது. நேரில் போய்ப் பார்த்தால் அந்த இடத்தில் வாய்க்கால் இல்லை. மண் கொட்டி மேடாக்கிய ஒரு சந்தும், அதன் ஓரம் நான்கு இருசக்கர வாகனங்களும் இருந்தன. வாய்க்காலைத் தூர்த்தவர் யார் என்று ஆராய்வது எங்கள் வேலை இல்லை. தண்ணீருக்கு வழி மாறாது என்பதும், நீர்நிலைப் புறம்போக்கை, அதாவது நீர்நிலைக்கான அரசு நிலத்தை, ஒட்டிய வீட்டில் பிற்காலத்தில் எல்லைத் தகராறு வரக்கூடும் என்பதும் போதுமான காரணங்களாக இருந்தன. புலப்படம் பார்க்கச் செலவு எதுவும் இல்லை. மனை வாங்குகிற எவரும் இதைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது என்று மனதார வேண்டிக்கொள்கிறேன்.

இந்த வீட்டைப் பற்றிக் கணவரோடு பணிபுரிபவர் சொன்னது அதே வாரத்தில்தான். சாலையில் சேறு காயாத நிலையில் போய்ச் சேர்ந்தோம். தெரு முனையில் கணுக்கால் அளவு நீர் நின்றது. வீட்டு வாசலில் இல்லை. பொறியாளர், பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், 5,000 ரூபாய் கட்டணம் வாங்கிக்கொண்டு மூன்றரை மணி நேரம் இந்த வீட்டில் செலவிட்டார். இந்தக் கொள்முதலில் நாங்கள் செய்த செலவுகளிலேயே அதிகப் பலன் தந்தது இதுதான் என்பதால், அவர் செய்ததைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அவர் வீட்டுக்குள் நுழையவே இல்லை. மட்டம் பார்க்க உதவும், தண்ணீர் நிரப்பிய ரசமட்டக் குழாயின் ஒரு முனையைச் சாலையின் நடுவிலும் மறுமுனையை ஹால் வாசற்படியிலும் பிடிக்கச் சொல்லி, பேஸ்மட்டம் சாலையைவிட மூன்றரை அடி உயரம் என்று குறித்துக்கொண்டார். “ரோடு போடுறப்ப எல்லாம் பழசைச் சுரண்டாம மேலயே போட்டுருவாங்கம்மா. இருபது வருஷத்துல ஒரு அடி ஏறிடும்னு வச்சிக்குங்க, அதுக்கும் மேல ரெண்டரை அடி மிச்சம் இருக்கு” என்றார். பிறகு குளியலறையில் ஒரு வாளித் தண்ணீரை மூலையில் ஊற்றிவிட்டு, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார். பொதுக் குளியலறையில் தண்ணீர் வாட்டமாக ஓடி நொடியில் வடிந்தது. படுக்கையறையை ஒட்டிய குளியலறையில் கதவோரம் ஒரு கை அகலத்துக்குத் தேங்கி நின்றது. ஐந்து ரூபாய் நாணயத்தால் ஒவ்வொரு டைலையும் தட்டிக்கொண்டே வந்து, ‘டொக்’ என்று வெற்றொலி கேட்ட ஒன்பது டைல்களின் மேல் பென்சிலால் பெருக்கல் குறி போட்டார். மொட்டை மாடியில் மழைநீர் வடிகுழாய் வாயில் இருந்த இலையை எடுத்துவிட்டு, சுவரும் தளமும் சேரும் மூலையில் விரலால் அழுத்திப் பார்த்தார். சுவர்களின் அடிப்பக்கத்தில் உப்புப் பூத்திருக்கிறதா என்று டார்ச் விளக்கைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பார்த்தார். நேராக அடித்தால் தெரியாத ஓதம் சாய்த்து அடித்தால் தெரிகிறது. பெருமழைக்குப் பின் முதல் வாரத்திலேயே சுவர் காய்ந்திருந்தது அவருக்கு மிகுந்த திருப்தியைத் தந்தது.

போர் தண்ணீரை அளவுக் கருவியால் பார்த்தபோது கரைந்த உப்பு லிட்டருக்கு 410 மில்லிகிராம் காட்டியது. குடிநீருக்கு இந்தியத் தரநிலை ஏற்கும் அளவு 500. கடலூரில் இந்த எண் தெருவுக்குத் தெரு மாறும். உப்பனாற்றுப் பக்கமும் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய கிராமங்களிலும் நிலத்தடி நீரைப் பற்றி மக்கள் பல ஆண்டுகளாகக் குரல் கொடுத்து வருகிறார்கள். எனவே போர் எத்தனை அடி என்று கேட்டு நிறுத்திக்கொள்ளாமல், ஒரு பாட்டில் தண்ணீரை எடுத்துக்கொண்டு போய்ப் பரிசோதனைக்குக் கொடுப்பதே நல்லது.

ஆவணங்களில் ஒரே ஒரு சிக்கல் வந்தது. பதிவுத் துறையின் இணையதளத்தில் 1975 முதலான வில்லங்க விவரங்களை, அதாவது ஒரு சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் போன்றவற்றை, இலவசமாகவே பார்க்கலாம் என்பதால், வழக்கறிஞரிடம் போவதற்கு முன் நாங்களே எடுத்துப் படித்தோம். தொண்ணூறுகளில் இந்த மனை ஒரு கடனுக்கு அடமானம் வைக்கப்பட்ட பதிவு இருந்தது. கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணப் பதிவு இல்லை. அது பழைய கடன், என்றோ தீர்ந்துவிட்டது என்று பில்டர் சொன்னார். அவர் சொன்னது உண்மைதான். ஆனாலும் வாய்வார்த்தையை வங்கி ஏற்காது. நாளை நம்மிடம் வாங்குபவரும் ஏற்கமாட்டார். ரசீதைப் பதிவு செய்து கொடுத்த பிறகுதான் ஒப்பந்தம் போடுவோம் என்று நின்றோம். ஐந்து வாரம் தள்ளிப்போனது. மூலப்பத்திரம், நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் மனைப்பிரிவு ஒப்புதல், உட்பிரிவு செய்த பட்டா, கட்டட வரைபட அனுமதி ஆகிய மற்றவை ஒழுங்காக இருந்தன.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். 500 சதுர மீட்டரைத் தாண்டாத நிலத்தில் வரும் திட்டங்களும், எட்டு வீடுகளுக்கு மிகாத திட்டங்களும் 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின்கீழ் பதிவு செய்யத் தேவையில்லை. இந்த நான்கு வீடுகளின் மொத்த நிலம் 4,800 சதுர அடி, அதாவது சுமார் 446 சதுர மீட்டர். ஆகவே பதிவு பெற்ற திட்டத்தில் வாங்குபவருக்கு ஐந்து ஆண்டுகள் வரை கட்டுமானக் குறைகளைப் பில்டரே சரிசெய்து தர வேண்டும் என்று அந்தச் சட்டம் தருகிற பாதுகாப்பை நம்பி நாங்கள் உட்கார முடியாது. சிறு பில்டர்களிடம் வாங்கும் பெரும்பாலோர் நிலை இதுதான். எனவே நீர்க்கசிவு, விரிசல், வடிகால் ஆகியவற்றை மூன்று ஆண்டுகளுக்குச் செலவின்றிச் சரிசெய்து தருவதாகக் கிரய ஒப்பந்தத்திலேயே ஒரு பிரிவை வழக்கறிஞர் சேர்த்தார். பில்டர் முதலில் தயங்கினார்; பிறகு ஒப்புக்கொண்டார். பின்னால் எங்களைக் காப்பாற்றியது அந்த ஒரு பத்திதான்.

பணக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 30 லட்சம் வங்கிக் கடன், 20 ஆண்டு, 8.5 சதவீத மாறும் வட்டி. மாதத் தவணை 26,035 ரூபாய். மீதி 13 லட்சம் எங்கள் சேமிப்பும் அத்தை தந்த நகைப்பணமும். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என 9 சதவீதமாக 3,87,000 ரூபாய். வங்கி வீட்டின் மதிப்பைக் கணக்கிடும்போது இதைச் சேர்ப்பதில்லை என்பதால் முழுவதும் கையிலிருந்துதான் போகும். புது அடுக்கக வீட்டின் முதல் விற்பனைக்கு 50 லட்சம் வரை இந்தத் தீர்வையும் கட்டணமும் சேர்த்து மொத்தம் 6 சதவீதம் மட்டுமே. கிரில், கொசுவலை, அலமாரி, மின் இணைப்புப் பெயர் மாற்றம் என்று மேலும் ஒன்றரை லட்சத்துக்கு மேல் ஆனது. இடையில் பார்த்த இரண்டு வீடுகளில் விலையின் ஒரு பகுதியை ரொக்கமாகக் கேட்டார்கள். அசையாச் சொத்துப் பரிமாற்றத்தில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. அதைவிட, பத்திரத்தில் குறைத்துக் காட்டிய வீட்டுக்குக் கடனும் குறையும், நாளைக்கு விற்கும்போது வரியும் கூடும். முழு விலைக்கும் பத்திரம் போடச் சம்மதித்தது இந்தப் பில்டரின் நேர்மைக்குச் சான்று என்றே கருதுகிறேன். எங்கள் கடனின் வட்டி, ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டியான ரெப்போ விகிதத்தோடு இணைந்தது. 2025 ஜூனுக்குள் அந்த விகிதம் ஒரு சதவீதம் குறைந்தபோது, தவணையைக் குறைக்காமல் காலத்தைக் குறைக்கும்படி எழுதிக் கொடுத்தோம். 240 மாதம் ஏறக்குறைய 205 மாதமாக இறங்கியது.

இனி வீடு எப்படி இருக்கிறது என்று பார்ப்போம். ஹாலும் படுக்கையறைகளும் கிழக்கும் தெற்குமாகத் திறப்பதால், மே மாதத்தில்கூடப் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் கடற்காற்று உள்ளே வந்துவிடுகிறது. செம்மண் மேடு என்பதால் மழை விட்ட அரை மணி நேரத்தில் முற்றம் காய்கிறது. மரக்கதவுகள் மழையில் ஊதவில்லை. சமையலறை மட்டும் சிறியது, வெளிச்சம் குறைவு; பகலிலும் விளக்கு போட்டுத்தான் காய் நறுக்க வேண்டியிருக்கிறது. இது வரைபடத்திலேயே இருந்த குறை. அலமாரி நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நான் ஜன்னலைப் பார்க்கவில்லை. சமைப்பவர் ஒரு முறையாவது பகல் பதினொரு மணிக்கு அந்த அறையில் விளக்கில்லாமல் பத்து நிமிடம் நின்று பார்க்க வேண்டும். செப்டிக் டேங்கும் ஐந்து பேர் குடும்பத்துக்குச் சற்றே சிறிது.

பொறியாளர் குறி போட்ட ஒன்பது டைல்களையும் பதிவுக்கு முன்பே பெயர்த்து மாற்றிக் கொடுத்தார்கள். வாட்டம் சரியில்லாத குளியலறையை அப்போது மேலோட்டமாகத்தான் திருத்தினார்கள். ஜூலை மாதத்தில் அந்தக் குளியலறைச் சுவரின் மறுபக்கம், படுக்கையறையில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு, பூச்சு பொரிந்து வெள்ளை உப்பாக உதிரத் தொடங்கியது. படம் எடுத்து அனுப்பினோம். நான்கு முறை தொலைபேசியில் பேசினோம். பலன் இல்லாததால், ஒப்பந்தத்தின் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டுப் பதிவு அஞ்சலில் கடிதம் அனுப்பினோம். எட்டாம் நாள் மேஸ்திரியும் கொத்தனாரும் வந்தார்கள். தரையை முழுவதும் பெயர்த்து, நீர்க்காப்புப் பூச்சு இரண்டு முறை பூசி, தண்ணீர் கட்டி இரண்டு நாள் விட்டு, கசியவில்லை என்று என்னையும் அழைத்துக் காட்டிவிட்டே டைல் பதித்தார்கள். வேலையின் தரத்தில் எனக்குக் குறை இல்லை. ஆனால் வேலைக்கு வரவைக்க எங்களுக்கு இரண்டரை மாதம் ஆனது. வீட்டைக் கட்டுவதில் காட்டிய அக்கறையை விற்ற பிறகும் காட்டியிருந்தால் இந்தப் பில்டரை மனம் நிறைந்து பரிந்துரைத்திருப்பேன். இப்போது, எழுத்தில் வாங்கிக்கொண்டு வாங்குங்கள் என்று மட்டும் சொல்வேன்.

அக்டோபரில் பருவமழை தொடங்கியது. இரவெல்லாம் பெய்த ஒரு நாள், இரண்டு மணிக்கு அத்தை எங்களை எழுப்பினார். அவர் பிறந்த ஊர் ஆற்றோரம், மழைச் சத்தத்தில் அவருக்குத் தூக்கம் வராது. மூவரும் டார்ச் விளக்கோடு கேட் அருகே நின்றோம். தெருமுனைத் தண்ணீர் மெல்ல ஏறி எங்கள் வாசலின் முதல் படியைத் தொட்டது. ஐந்து படிகள் உள்ள வாசல் அது. அத்தை ஒரு செங்கல் துண்டால் தண்ணீர் நின்ற இடத்தில் சுவரில் கோடு கிழித்துவிட்டு, அரை மணிக்கு ஒருமுறை வந்து பார்த்துக்கொண்டே இருந்தார். நான்கு மணிக்குத் தண்ணீர் அந்தக் கோட்டுக்குக் கீழே போயிருந்தது. ஆறு மணிக்குப் பால்காரர் வந்தபோது தெருவில் ஈரம் மட்டுமே இருந்தது.